எல்லப்பனின் காது

கங்கப்பனின் இடது காது பீரங்கிக்குப் போனது. பதினேழு வருடம் பட்டாளத்தில் குண்டு போட்டவருக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஊன பென்ஷன் கேட்டதற்கு 2006-இல் வந்த பதில் வேறு கதை சொன்னது. பட்டாளத்தை விடும்போது காது மந்தம் என்று குறித்திருந்தாலும், அடுத்த மாதமே ஓசூர் ஆலையில் காவலாளியாகச் சேர எடுத்த பரிசோதனையில் இரண்டு காதும் நன்றாக இருந்திருக்கின்றன. ஆகவே காது போனது ஆலைச் சத்தத்தில்தான்.

பொய் பட்டாளத்தாருடையதல்ல, கங்கப்பனுடையது. செவிடனுக்கு யார் காவல் வேலை தருவார்கள் என்று பயந்து, அன்று மச்சினன் எல்லப்பனைத் தன் பெயரில் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். அவனுக்கோ பாம்புச் செவி. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். ஏழு வருடம் கழித்துச் சுட்டது.

"உண்மைய சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா, காது பட்டாளத்துல போகவேயில்லன்னு ஆயிடும்" என்றார் மனைவி சாந்தம்மாவிடம்.

"ஓசூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? நீங்க சொன்னது பொய்யினு எழுதிட்டாங்களே, அத எப்படிங்க தாங்கறது?"

மறுநாள் எல்லப்பனையும் இழுத்துக்கொண்டு ஆலையின் பணியாளர் அதிகாரி சௌந்தரராஜன் முன்னால் போய் நின்றார். அவர் திருநெல்வேலிக்காரர்.

"வேற ஆளு வந்தாருன்னு நீங்க சொல்லுதீய. அதுக்கு என்ன அத்தாட்சி?"

"அந்தத் தாள்ல அங்க அடையாளம் எழுதியிருப்பாங்க சார். பாருங்க."

பழைய கோப்பு வந்தது. இடது முழங்கையில் நீளத் தழும்பு என்றிருந்தது. எல்லப்பன் வெட்கத்தோடு சட்டைக்கையைச் சுருட்டினான்; குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு முட்டிய தழும்பு. கங்கப்பனின் முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

சௌந்தரராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பரிசோதனைக்கு வந்தவர் கங்கப்பன் அல்ல என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். வேலை நீக்க உத்தரவையும் அவரேதான் எழுதினார். இரண்டையும் வாங்கிக்கொண்டு கங்கப்பன் சல்யூட் அடித்தார். வருத்தம் இருந்தது, பாரம் இல்லை.

எட்டு மாதம் கழித்து, கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து தமிழில் கடிதம் வந்தது. சாந்தம்மா அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "படைப்பணியினால் ஏற்பட்ட செவித்திறன் இழப்பு என ஏற்கப்படுகிறது."

"கேக்கலை. இன்னொரு தடவ படி" என்றார்.

வலது காது நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? படித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கவில்லை என்றார். மறுபடியும் படித்தாள்.