ஃப்ளோரிடாவிலிருந்து வந்த ஒட்டுக்குச்சி

என் வீட்டுக்காரர் ஹார்லனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. குச்சிப் பைத்தியம் மட்டும் உண்டு. எவன் தோட்டத்தில் புது ரக ஆரஞ்சு காய்த்தாலும் அதில் ஒரு குச்சி வாங்கிவந்து எங்கள் கொல்லை மரத்தில் ஒட்டுக் கட்டியாக வேண்டும். மரத்தைக் கொல்லும் நோய் கூடவே வரும் என்பதால் வெளி மாநிலத்து ஆரஞ்சுக் குச்சி தபாலில் கலிஃபோர்னியாவுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் பள்ளத்தாக்கில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாதா என்ன? ஃப்ளோரிடாவில் இருந்த சிநேகிதர் ஒருவர், உள்ளே சிவந்திருக்கும் ரத்த ஆரஞ்சின் குச்சிகளை ஈரக் காகிதத்தில் சுற்றி, காலுறைக்குள் செருகி, பிறந்தநாள் பரிசு என்று எழுதி அனுப்பிவைத்தார்.

"கம்பி எண்ணப் போறீங்க" என்றேன்.

"பூச்சி இருந்தாத்தானே தப்பு? பிளீச்சுல முக்கி எடுத்துட்டேன். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டேன். உன் சமையல் பாத்திரத்தவிட சுத்தம்."

குச்சி மாற்றிக்கொள்ளும் கூட்டம் மொத்தமும் செய்கிற முட்டாள்தனம் இது. அந்த நோய் பட்டைமேல் உட்கார்ந்திருப்பதில்லை, சாற்றுக்குள் ஓடுகிறது. வந்த மரம் பிழைக்காது. பழம் பச்சையாகவே நின்று, கசந்து, உதிரும். எள்ளளவு பூச்சி ஒன்று அதை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும்.

ரத்த ஆரஞ்சு தளதளவென்று வளர்ந்தது. பிறகு இலையில் மஞ்சள் திட்டு விழுந்தது. விவசாயத் துறை அதிகாரிகள் வந்தார்கள், இலையைப் பறித்துப் போனார்கள், சோதனையில் நோய் உறுதியானது. மரத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, சுற்று வட்டாரத்தில் ஒரு பழம்கூட வெளியே போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வாலென்சியா ஆரஞ்சு அறுவடை நேரம். பக்கத்துத் தோட்டக்காரன் ராய்ஸின் நாற்பது ஏக்கர் பழமும் மரத்திலேயே நின்றது.

"இந்த மரத்திலேர்ந்து யாருக்காவது குச்சி குடுத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"யாருக்கும் குடுக்கல" என்றார் ஹார்லன்.

பச்சைப் பொய். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவரும் கூட்டாளிகளும் தேவாலயக் கூடத்தில் மேசை போட்டுக் குச்சி மாற்றிக்கொள்வார்கள். வெறுங்கையோடு போகிற ஆளா இவர்? கூட்டாளிகளைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை ராய்ஸ் மரம் அறுக்கும் மெஷினோடு எங்கள் வேலியை மிதித்துச் சாய்த்துக்கொண்டு வந்தான். எலுமிச்சையை அறுத்தான். மாண்டரின் ஆரஞ்சை அறுத்தான். ஹார்லன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றதும் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று புல்லில் விழுந்தது.

"பேரச் சொல்லுய்யா கிழவா! வேற எவன் வீட்ல இருக்கு? ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போறேன். மரத்த மட்டுமா அறுப்பேன்னு நினைக்கிற?"

"யாருக்கும் குடுக்கல."

"எங்கப்பன் வச்ச தோட்டம்யா அது!" ராய்ஸ் அழுதுகொண்டே மெஷினை ஓங்கினான். ஹார்லன் கையை உயர்த்தித் தடுத்தார். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் என் முகத்தில் தெறித்தது. நான் மண்வெட்டியை எடுத்து அவன் தோளில் போட்டேன். இன்னொன்று போட ஓங்கினேன். அவன் என்னைத் தள்ளிய வேகத்தில் மண்ணில் போய் விழுந்தேன்.

"நிறுத்து ராய்ஸ்!"

அவன் மனைவி ட்ரூடி. சாய்ந்த வேலிமேல் நின்றிருந்தாள்.

"ஒண்ணு நம்ம தோட்டத்துல இருக்கு. கிணத்துமேட்டு மரத்துல. நான்தான் இவர்கிட்ட கேட்டு வாங்கினேன், நான்தான் ஒட்டுக் கட்டினேன். வேற யாருக்கும் இவர் குடுக்கல."

மெஷின் அவன் கையில் உறுமிக்கொண்டே இருந்தது. ராய்ஸ் ஹார்லனைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியும்ல? கையே போற வரைக்கும் ஏன்யா வாயத் திறக்கல?"

ஹார்லன் ரத்தத்தைத் துப்பினார். "திறந்திருந்தா இவள என்ன பண்ணியிருப்ப?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ராய்ஸின் ஏழு தலைமுறையையும் இழுக்கத் தொடங்கினேன். ட்ரூடி என்னை அடக்கினாள்.

"இருங்க நெடீன். என்ன பண்ணியிருப்பான்னு அவனே சொல்லட்டும்."

மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் மெஷினை அணைக்கவில்லை.

ட்ரூடி முழுக்கைச் சட்டையைக் கழற்றி, உள்பனியனோடு குனிந்து, ஹார்லனின் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவள் தோளிலும் புஜத்திலும் விரல் தடங்கள் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தன. கூட்டாளிகளைக் காப்பாற்றுகிறார் என்று என் புருஷனை மனசுக்குள் அத்தனை திட்டு திட்டினேனே!

ஹார்லனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் வண்டியில் ஏறியதும் ட்ரூடியே அதிகாரிக்குப் போன் போட்டாள். "இன்னொரு மரம் இருக்கு சார். எங்க கிணத்துமேட்டுல. வரும்போது போலீஸையும் கூட்டிட்டு வாங்க."

"உன் வீட்டுச் சாவி எடுக்கலியேம்மா?" என்றேன்.

"வேண்டாம். ஓட்டுங்க."