நார்த் ஃபெரி நல்ல ஆட்டமா?

என் வீட்டுக்காரரும் டேனியலும் பேசாமல் போனதற்கு நிலமோ வரப்போ ஓட்டோ காரணம் இல்லை. ஒரு வீடியோ கேம்தான் காரணம். வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். சிரிக்கத்தான் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் முத்துக்குமரன் பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிறவர். டேனியல் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இந்த வயதிலும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கன்சோல் வாங்கி, எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே வைத்து, ‘ரெண்டு கன்ட்ரோலர்’ என்று யூட்யூபில் ஒரு சேனலும் நடத்தினார்கள். புதிதாக வரும் கேம்களை விளையாடிப் பார்த்து விமரிசனம் செய்வது அவர்கள் வேலை. ஸ்டார் எல்லாம் கொடுக்க மாட்டார்கள். அஞ்சு வடைக்கு எத்தனை வடை என்பதுதான் மார்க்கு.

“பாதி கேம்தான் குடுக்குறான். மீதிய அப்டேட்ல தரேன்றான். கல்யாணத்துக்குக் கூப்ட்டு எலய மட்டும் போட்டுட்டு, சோறு அடுத்த வாரம்னா எப்படி இருக்கும்?” என்பார் டேனியல்.

“மேப்பு இன்னாமோ பெருசுதான். நம்ம பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தவுட பெருசு. ஆனா அதுல செய்யறதுக்கு ஒரு வேல இல்ல. இதுக்கு நான் எங்க கரும்பையே சுத்தி வருவேன். ரெண்டு வடை,” என்பார் இவர்.

காபி கொண்டுபோய் வைத்துவிட்டு நான் கதவோரமாய் நின்று கேட்பேன். வீட்டு வேலை என்றால் வாயே திறக்காத மனுஷன், கேமில் ஒரு மரம் சரியாக வரையவில்லை என்றால் அப்படிக் கொதிப்பார். கோபமாக வரும், சிரிப்பாகவும் வரும். அந்த இரண்டு பேரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

என் மாமனார் குழந்தைவேல் ஆரம்பத்தில் டேனியல் ஹாலுக்குள் வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். காலனிப் பையன் சோபாவில் உட்காருகிறானே என்று. டேனியலும் விடவில்லை. பேப்பருக்கு இந்தப் பக்கமிருந்தே கதை சொல்லிச் சொல்லி, கார் ரேஸ் கேம் ஒன்றில் கிழவரையே ஓட்ட வைத்துவிட்டார். அப்புறம் பொழுது சாய்ந்தால், “டேனியலு இன்னும் வர்லியா?” என்று முதலில் கேட்கிறவர் அவர்தான்.

அந்த மாமனார் போன வருஷம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியா, நேராக டவுனா என்று இவர்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக்கே போகலாம் என்றார். டேனியல்தான் காரை ஓட்டினார். அங்கே மருந்து வாங்கிவரச் சொல்லி இவரை அனுப்பினார்கள். இவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் டேனியல்.

“நேரா டவுனுக்கு இட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாரு,” என்று அதற்குப் பிறகு இவர் சொல்லாத நாள் கிடையாது. நான் பிள்ளையார்குப்பத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறவள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், எங்கே போயிருந்தாலும் அதேதான் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காதில் ஏறினால்தானே!

இந்த நிலைமையில்தான் ‘நார்த் ஃபெரி’ என்கிற கேம் வந்து தொலைத்தது.

வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாடு. ஓர் அப்பாவும் மகனும் படகில் வடக்கே போகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். டேனியல் அப்பா, இவர் மகன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அந்தக் கரைக்குப் போகலாமா, இந்தக் கரைக்குப் போகலாமா, எந்த வைத்தியரைப் பார்க்கலாம் என்று வழியெல்லாம் மகனைக் கேட்டுக்கொண்டே வரும். உன் முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றும் என்று திரையில் எழுத்து வேறு. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் மகன் விறகு பொறுக்கக் கரையில் இறங்குகிறான், அந்த நேரம் பார்த்து அப்பா போய்விடுகிறார். அப்பாவின் கன்ட்ரோலர் அதுவரை நெஞ்சு துடிப்பதுபோல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அது மெதுவாகி, பிறகு நின்றுவிடும்.

வேறு வேறு வழியாக மூன்று தடவை ஆடிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே முடிவு. பிறகு விமரிசனத்துக்கு உட்கார்ந்தார்கள்.

“சுத்த ஏமாத்து வேல. முடிவு ஒண்ணுதான்னா எதுக்குடா என்னக் கேட்ட? ஒரு வடை. அதுவும் ஊசிப்போன வடை,” என்றார் இவர்.

“அஞ்சு வடை. எந்தக் கரைக்கிப் போனாலும் அவரு போவத்தான் போறாரு, அதாண்டா கத,” என்றார் டேனியல். பேச்சு தடித்தது. கடைசியில் டேனியல் வழக்கமாகக் கேமைப் பற்றிப் பேசும் அதே வேகத்தில், “அப்பன் சாவறதப் பாக்க தெகிரியம் இல்லாதவந்தான் இதக் கொற சொல்லுவான்,” என்றுவிட்டார்.

ஹாலில் மாமனார் படம் மாலையோடு மாட்டியிருந்தது. இவர் கன்ட்ரோலரை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். மோட்டாருக்குக் கரண்ட் அந்த நேரத்தில் கிடையாது. டேனியல் தன் கன்ட்ரோலரையும் அதன் பக்கத்தில் வைத்தார். முகம் செத்துவிட்டது. “வரேன் தங்கச்சி,” என்று எழுந்து போனவர் அதற்குப் பிறகு வரவில்லை.

இவர் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. சேனல் அப்படியே கிடந்தது. இவர் சாயங்காலமானால் ஒற்றை ஆளாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் இன்னொரு கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். முதல் ஆற்றிலேயே படகைக் கவிழ்த்தேன். டேனியல் கவிழ்த்திருந்தால் இவர் காது கிழியத் திட்டியிருப்பார். என்னைத் திட்டவில்லை, “பரவால்ல அருளு” என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அப்பாவைப் பறிகொடுத்த ஆள், இப்போது சிநேகிதனையும் விட்டுவிட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டேனியல் பெண்டாட்டி ஆரோக்கியசெல்வியிடம் போனில் கேட்டேன். “இங்கயும் அதே கததான்க்கா. தூக்கத்துல உங்க மாமனார் பேர சொல்றாரு. போயி பேசுன்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்றாரு,” என்றாள்.

பொங்கல் வந்தது. எங்கள் ஊர் இளைஞர் மன்றத் தலைவர் புகழ்வேந்தன் வருஷா வருஷம் காணும் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பார். இந்த வருஷம் புதுமையாக வேண்டும் என்று, ‘நார்த் ஃபெரி: நல்ல ஆட்டமா, ஏமாற்று ஆட்டமா?’ என்று தலைப்பு வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் இவர்கள் சேனலைப் பார்க்கிறவர்கள், சண்டையும் காதுக்குப் போயிருந்தது, கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. எதிர் வீட்டு மஞ்சுளா மட்டும், மாமியார் மருமகள் தலைப்பு இல்லையென்றால் நான் நாற்காலியே தூக்கிவர மாட்டேன் என்று சண்டைக்கு நின்றாள். நடுவராக என்னைப் போட்டார்கள். இரண்டு பேரையும் அடக்குவதற்கு ஆள் வேண்டுமாம்.

ஊருக்கு முன்னால் மாட்டேன் என்று சொன்னால் தோற்றதாகிவிடும் அல்லவா, அதனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். வில்லியனூரில் ப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்து மெயின்ரோட்டில் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். ‘நல்ல ஆட்டமே’ என்பதன் கீழே என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ‘ஏமாற்று ஆட்டமே’ என்பதன் கீழே டேனியல், கூலிங் கிளாஸோடு. போட்டோவைக் கடைக்காரர் மாற்றிப் போட்டுவிட்டார்.

இவர் கத்திக்கொண்டு வந்தார். புகழ்வேந்தன் தலையைச் சொறிந்தார்.

“கடய பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்பா. பொங்கல் முடிஞ்சாதான் தொறப்பான்.”

“மேல பேப்பர் ஒட்டு!”

“ஒட்டுனா கீழ எங்கப்பா படம் மறயும். ப்ளெக்ஸுக்குத் துட்டு குடுத்தவரு, ஒத்துக்க மாட்டாரு. ப்ளெக்ஸ்ல இன்னா இருக்குதோ அதப் பேசிட்டுப் போயேம்பா.”

இவர் என்னைப் பார்த்தார். “அத நல்ல கேமுன்னு நான் எப்படிப் பேசுவேன்?”

“பட்டிமன்றத்துல யாரு மனசுல இருக்கறதப் பேசறாங்க? குடுத்த பக்கத்தப் பேசிட்டு வாங்க,” என்றேன். ஆரோக்கியசெல்வி அங்கே அவள் வீட்டிலும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டிகளுக்கு அது தேவையும் இல்லை.

காணும் பொங்கல் சாயங்காலம் பள்ளிக்கூடத்து மணியை மேசையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். அணிக்கு மூன்று பேர். மற்ற நான்கு பேரும் பேசியதை விடுங்கள், அதில் ஒருவர் அந்தக் கேமைப் பார்த்ததே இல்லை.

டேனியல் எழுந்தார். “நடுவர் அவர்களே! முடிவு ஒண்ணுதான்னா எதுக்குடா என்னக் கேட்ட?” என்று அப்படியே இவர் குரலில் ஆரம்பித்தார். ஊசிப்போன வடையையும் விடவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டேனியலின் குரல் இறங்கியது.

“அந்தப் புள்ள ஒவ்வொரு கரயிலயும் எறங்கி ஓடறான். அப்பாவுக்காவ நாயா அலயறான். கடசியில அவன வெறகு பொறுக்க அனுப்பிட்டு முடிச்சிட்டாங்க. கூட இருக்க வேண்டியவன் வெளிய இருக்கான். வேற எவனோ கையப் புடிச்சிக்கினு நிக்கறான். இது நாயமா? அவன் இன்னா பாவம் பண்ணான்? இதப் போயி அஞ்சு வடைன்னு ஒருத்தன் சொன்னான். தெகிரியம் அது இதுன்னு வேற பேசனான். அவனுக்கு அன்னிக்கிப் புத்தி இல்ல, நடுவர் அவர்களே. வாய்க்கு வந்ததப் பேசிட்டான்.”

வணக்கம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் பிசிறடித்தது. விஷயம் தெரிந்தவர்கள் தட்டவில்லை.

இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். எழுதிவைத்த பேப்பரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

“இது நல்ல கேம்,” என்றார். அப்புறம் பேச்சு வரவில்லை. சோடா கொடு என்று யாரோ கத்தினார்கள்.

“ஏன்னா... எதிரணி நண்பர் முன்ன ஒரு தபா சொன்னாரு. அன்னிக்கி எனக்கு ஏறல. இந்தக் கரைக்கிப் போனாலும் அவரு போவாரு. அந்தக் கரைக்கிப் போனாலும் போவாரு. மூணு தபா மாத்தி மாத்திப் பாத்துட்டோம். அப்ப, எந்தக் கரைன்னு முடிவு எடுத்தான் பாருங்க, அந்தப் புள்ள...” நின்றார். “அவன் மேல தப்பு இல்ல.”

மைக்கில் அவர் மூச்சு கேட்டது. “தப்பு இல்ல,” என்று இன்னொரு தடவை, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

நேரம் முடிந்து எவ்வளவோ ஆகியிருந்தது. நான் மணியை அடிக்கவே இல்லை. நான் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாததை, ஊர் முன்னால், எதிரணிக்காரன் சொன்னதாக அவரே அவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் மஞ்சுளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் சரி என்று மழுப்பும் நடுவரை எனக்குப் பிடிக்காது. எழுந்து, “நார்த் ஃபெரி நல்ல ஆட்டமே!” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு மணியை ஓங்கி அடித்தேன். பொண்டாட்டி புருஷனுக்குத்தான் சொல்லுவா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மேடையிலிருந்து இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

“ஜெயிச்சிட்டேன்,” என்றார் இவர், டேனியலின் முகத்தைப் பார்க்காமல்.

“எம் பாயிண்ட்ட வச்சி ஜெயிச்ச,” என்றார் டேனியல்.

“நீ எம் பாயிண்ட்ட வச்சித் தோத்த.”

அவ்வளவுதான் பேசினார்கள். டேனியலின் கை இவர் தோளில் விழுந்தது. விழுந்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து டேனியல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். “உள்ள வாங்கண்ணா, காபி ஆறுது,” என்றேன். உள்ளே வந்து மாமனார் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கமாக எடுக்கும் கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினார். இவர் அதை முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்.

“இந்தத் தபா நாந்தான் அப்பா.”

டேனியல் மற்றதை எடுத்துக்கொண்டார்.

அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் ஆடி, கடைசிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். டேனியல் ஆடிய மகன் விறகு பொறுக்க இறங்கினான். இவர் இரண்டு கையாலும் கன்ட்ரோலரைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அது அதிர்வது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. மெதுவாகி மெதுவாகி நின்றது. அதற்குப் பிறகும் வெகுநேரம் பிடித்த பிடியை விடவில்லை. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. டேனியல் டிவியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“எத்தன வடைடா?” என்றார் கடைசியில்.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாலு.”

“ஒண்ணு எதுக்குடா கொறச்ச?”

“வெறகுக்கு,” என்றார்.