கம்பியோரத்து இடம்

1

இரண்டு காதும் கேளாத ஒரு தையல்காரர், முந்நூறு பேருடைய தொழுகையைத் தன் ஒற்றைத் தோள்பட்டையால் தூக்கி நிறுத்தினார். பன்னிரண்டு நிமிடம் தரையோடு ஒட்டிக் கிடந்த நெற்றிகள் அவர் அசைந்ததும் ஒரே நொடியில் எழுந்தன. எழுந்த வேகத்தில் ஜன்னல் கதவுகள் தாமாகவே சாத்திக்கொண்டன.

நம்பவில்லைதானே? என் மச்சானும் நம்பவில்லை. அவருக்காகத்தான் இந்தக் கதையே பிறந்தது. நாளைக் காலை பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் இதை வாசித்தாக வேண்டும். கதை தேறினால் தையல்காரருக்கு இடம் நிலைக்கும், தேறாவிட்டால் போகும்.

(என்னைப் பற்றி: முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். "தாமதமாக வரும்" என்று நான் சொன்னது மட்டுமே முழு உண்மை.)

2

'ஜன்னலோரம் அமர்ந்திருந்த அந்த மெலிந்த தையல்காரரின் கண்களில் ஆழ்ந்த சோகம்...'

[அடித்துவிட்டேன். அவருக்குத் தொந்தி உண்டு. சோகம் கிடையாது. ரெடிமேட் சட்டை போட்டவரைக் கண்டால் வாய்விட்டுச் சிரிப்பார்.]

ஏழு வயதுக் காய்ச்சலில் காது போனவர். எங்கள் பள்ளிவாசல் மாடியின் நடுவே தரை திறந்திருக்கும். சுற்றிலும் கம்பித் தடுப்பு. நாங்கள் ஒலிபெருக்கியைக் கேட்டுக் குனிவோம், நிமிர்வோம். அவர் கம்பியோரம் நின்று, கீழே தொழுகை நடத்தும் இமாமைப் பார்த்துத் தொழுவார். நெற்றி தரையில் படும் சுஜூதிலும், கம்பி இடுக்கில் ஒரு கண் இமாம் மேல் இருக்கும்.

மின் காண்டிராக்டராக இருந்து ஓய்வுபெற்ற மச்சான், சரியாக அந்த இடத்தில்தான் ஏ.சி. வைக்கப் போகிறார்.

"காது கேக்காதவருக்கு எங்க நின்னா என்ன மாப்ளே? கீழ மூலையில ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்."

"மச்சான், அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"நாற்காலி ஒரு மரியாதைக்கு. அதுவுமில்லாம, தொழுகையில தரையப் பாக்காம கண்ண அலைய விடுறாரு."

மூலையில் ஒரு தூண் இருக்கிறது. அங்கிருந்து இமாம் தெரியமாட்டார்.

3

போன வெள்ளிக்கிழமை. தொழுகையின் கடைசிச் சுற்றான கடைசி ரக்அத்தின் சுஜூதில் இருந்தோம். ஒலிபெருக்கிக்கு மட்டும் ஃபியூஸ் போனது, அது செத்தது. மாடியில் யாருக்கும் தெரியவில்லை. இமாம் நீளமாகப் பிரார்த்திக்கிறார் என்றே நினைத்தோம். என் பாவங்களையெல்லாம் நினைத்து முடித்து, மச்சானுடைய பாவங்களைத் தொடங்கியிருந்தேன். அப்போது என் வலத்தோளை ஒட்டியிருந்த தோள் எழுந்தது. தையல்காரருடையது. நானும் எழுந்தேன். முப்பது வருடத் தொண்டை சும்மா இருக்குமா? "அல்லாஹு அக்பர்" என்றேன். மாடி மொத்தமும் எழுந்தது.

பின்வரிசையிலிருந்த மச்சான் வெளியே வந்ததும் கேட்டார்: "குரல் குடுத்தது நீங்க. இதுல அவரு எங்க வந்தாரு? உங்களுக்கு நடந்ததச் சொல்லத் தெரியாது மாப்ளே. நீங்க சொன்னா, நடந்ததுகூட நடக்காத மாதிரி ஆயிடும்."

4

முதல் முடிவு: 'இதற்காகத்தான் இறைவன் அவருடைய காதுகளை எடுத்துக்கொண்டு...'

[இந்த முடிவையும் அடித்துவிட்டேன். காரணம் கீழே.]

குறையோடு இருப்பவரைக் கண்டால் நம்மிடம் மூன்று பதில்கள் தயார். சோதனை, பாவம் கழிகிறது, பொறுமைக்கு மறுமையில் கூலி. மூன்றையும் நம்புகிறவன்தான் நானும். ஆனால் பார்வையற்ற ஒருவர் வந்தபோது முகம் சுளித்ததற்காக இறைத்தூதருக்கே குர்ஆனில் கண்டிப்பு வந்ததாம். அந்தக் கண்டிப்பில், அந்தப் பார்வையற்றவருக்கு ஏன் கண் இல்லை என்ற விளக்கமே கிடையாது. வந்தவரைக் கவனி என்பதுதான் உண்டு. எனக்கோ முதல் முடிவு அவ்வளவு அழகாக இருந்தது. அதைக் கடைக்கே கொண்டுபோய்த் தையல்காரரிடம் நீட்டினேன்.

படித்தார். அளவு குறிக்கும் சுண்ணக்கட்டியை எடுத்து அட்டையில் எழுதினார்:

"ஒரு ஃபியூஸ் போகும்னுதானா எனக்கு ஏழு வயசுல காய்ச்சல் வந்துச்சு? ஃபியூஸ் மாத்துறது அதவிட சுலபமாச்சே."

சிரித்தேன். அவர் சிரிக்காமல் அட்டையைத் திருப்பி மறுபுறம் எழுதினார்.

"காது ஏன் இல்லன்னு அல்லாஹ்கிட்ட மறுமையில கேட்டுக்கறேன். அவன் பதில் வச்சிருப்பான். எடம் ஏன் இல்லன்னு உங்ககிட்டதான் கேக்கணும். நீங்க என்ன பதில் வச்சிருக்கீங்க?"

5

இரண்டாம் முடிவு: ஏ.சி. எதிர்ச் சுவருக்குப் போகிறது. மூன்றாம் முடிவு: ஏ.சி. கம்பியோரத்துக்கே வருகிறது, நாங்கள் எல்லோரும் குளுகுளுவென்று அநியாயம் செய்கிறோம். கூட்டம் நாளைதான். அதுவரை நீங்களே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

இந்த வரியை எழுதும்போது மச்சான் உள்ளே வந்தார். தாள்களை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுவதையும் படித்தார்.

"முந்நூறு பேரு இல்ல, அறுபத்தெட்டு. பன்னெண்டு நிமிஷம் இல்ல, ஒண்ணரை. ஜன்னல் எதுவும் சாத்தல."

"சரி மச்சான்."

"ஆனா அவரு தோளுதான் முதல்ல எழுந்துச்சு. உங்களுது அப்புறம்தான்."

பேனாவைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க நெத்தி தரையிலதானே இருந்திருக்கணும்?"

கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதை வெகுநேரம் துடைத்தார்.

"சத்தம் வரலையேன்னு நானும் தலையத் தூக்கிக் கண்ண அலைய விட்டேன் மாப்ளே. நீங்க நாளைக்கு இத வாசிக்காதீங்க, ஒருத்தன் நம்பமாட்டான். நானே எழுந்து சொல்றேன். நடந்துச்சு."