பீப்பாயிலிருந்து வளைவு வரை

1

இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அங்கம்மா கேட்டது நாலு வரிக் கடிதம். அடுத்த வழக்குத் தவணைக்கு முன்னர் சட்டத்தரணியின் கையில் அது இருக்க வேண்டும் என்று சொல்வதற்காக அம்பிட்டியவில் என் வீட்டுக்கு வந்தார். கால் மணி நேரம் இருந்தார், கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. அவர் போனதும் எழுத மேசைக்கு முன்னால் இருந்தேன். கடிதம் வரவில்லை, இதுதான் வந்தது.

கடிதம் எழுத வேண்டியவன் கதை எழுத உட்கார்ந்தால் அவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது, வாசகரே. நானும் உங்களை அப்படித்தான் பார்க்கிறேன். இது 2008, யுத்த காலம். கண்டியில் இன்று தமிழ் வாசிக்கத் தெரிந்த எல்லாரும் பொழுதுபோக்குக்காக வாசிக்கிறவர்கள் அல்லர்.

விஷயம் இதுதான். அங்கம்மாவின் கணவர் முத்துலிங்கம், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலை மெக்கானிக். பதினொரு மாதமாக அடைபட்டிருக்கிறார். காரணம் ஒரு ஏ.டி.வி.யின், அதாவது கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் நாலு சக்கர வண்டியின், கிளச். சிரிக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம் (கைவிட்டது):

முத்துலிங்கத்தின் பார்வையில் எப்போதும் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. அந்த வண்டி ஏன் அத்தனை வேகமாக மலை ஏற வேண்டும் என்பதை அவர் யாரிடமும்—

பொய். அவருடைய பார்வையை நான் கவனித்ததே இல்லை. பேசும்போது அவரும் வண்டியைப் பார்ப்பார், நானும் வண்டியைப் பார்ப்பேன்.

இரண்டாம் தொடக்கம் (இதை வைத்துக்கொள்கிறேன்):

நான் நில அளவையாளன். பிறந்தது யாழ்ப்பாணம், இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். சென்ற வருடம் அந்தத் தோட்டத்தின் மேல் எல்லையை அளக்கப் போயிருந்தபோது, கருவிகளை ஏற்றிச் செல்லத் தோட்டத்து ஏ.டி.வி.யைத் தந்தார்கள். பெரிய நாலு சக்கரம், அகலமான இருக்கை, பின்னால் சாமான் வைக்கும் தட்டு. தோட்டத்தில் அதற்குத் தவளை என்று பெயர். தட்டையான இடத்தில் நன்றாகத்தான் பாய்ந்தது. சாமானோடு ஏற்றத்தில் விட்டால் எஞ்சின் அலறும், சக்கரம் சுற்றாது, ரப்பர் எரிகிற மணம் வரும். நான் இறங்கி அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன்.

"முத்துலிங்கம், உமக்கு இதைத் திருத்த ஏலாதோ?"

"திருத்துறதுக்கு இதுல ஒன்னும் கெட்டுப்போகலைங்கய்யா. இந்த மலைக்குப் பத்தலை, அம்புட்டுதான். கிளச்ச மாத்தி அமைக்கணும்."

கேட்டது நான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் மூன்று வரைவுகளில் முத்துலிங்கம் தானாகவே வந்து ஆர்வத்தோடு கேட்டதாக எழுதியிருந்தேன்.

3

அவர் வேலை செய்ததை எழுதும்போது மட்டும் எனக்குத் தடங்கல் வருவதில்லை.

அந்த வண்டிக்குக் கியர் மாற்றும் வேலை இல்லை. முன்னுக்கு ஒரு கிளச், பின்னுக்கு ஒரு கிளச், இரண்டையும் இணைக்கும் பெல்ட். முன் கிளச்சுக்குள் சின்னச் சின்னதாக ஆறு உருளைகள். வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் ஒதுங்கிப் பெல்ட்டைத் தள்ளும். உருளைகள் பாரமாக இருந்தால், எஞ்சின் தன் பலத்தை எடுக்கும் முன்பே தள்ளிவிடும். ஆகவே பாரத்தைக் குறைக்க வேண்டும், ஆறிலும் ஒரே அளவாகக் குறைக்க வேண்டும். முத்துலிங்கம் தொழிற்சாலை லேத்தில் ஒவ்வோர் உருளையின் நடுத் துளையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பித்தார். நிறுப்பதற்கு, தேயிலை ருசி பார்க்கும் அறையிலிருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்தார். ஒரு கோப்பைக்கு எவ்வளவு தூள் என்று நிறுக்கும் தராசு அது. ஆறும் ஒத்துவர இரண்டு நாள் பிடித்தது.

"அரைக் கிராமில என்ன வந்திடப்போகுது?" என்று கேட்டேன்.

"காணி அளக்கையில அரை அடி விட்டுக்குடுப்பீங்களாய்யா?"

அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

(இந்த இடத்தில் கதைக்குச் சந்தேகம் காணாது. சேர்க்கிறேன்.)

பின் கிளச்சுக்கு இறுக்கமான ஸ்பிரிங் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். எங்கே எடுத்தீர் என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச எடங்கய்யா" என்றார். இப்படிப்பட்ட காலத்தில், நேராகச் சொல்ல மாட்டாத ஒரு மனிதர், பெயர் சொல்லாத ஓர் இடம், காகிதத்தில் சுற்றிய ஓர் இரும்பு.*

* பிலிமத்தலாவையில் மஹ்மூதின் உதிரிப்பாகக் கடை. பழைய ஸ்கூட்டர் ஒன்றின் ஸ்பிரிங். தோட்டத்து ஸ்டோர்காரருக்குச் சொல்லாமல் வெளியில் வாங்கியதால் மறைத்தார். மூன்றாம் நாளே எனக்கு இது தெரியும். தெரியாதவன் மாதிரி மேலே எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா?

4

மாற்றினால் மட்டும் போதாது, எவ்வளவு முன்னேறியது என்று அளக்க வேண்டும். இது யாருடைய யோசனை? அளப்பது என் தொழில், என் வியாதியும் அதுதான். நிறுத்தற் கடிகாரம் என்னுடையது. "ஒருதரத்துக்கு ஒண்டை மட்டும் மாத்தும், ஒவ்வொருதரமும் ஓடிப் பாப்பம்" என்று சொன்னதும் நான்தான்.

ஓடிப் பார்க்க அசையாத தொடக்கப் புள்ளி வேண்டும். பெருந்தெருவிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில், ஏற்றம் தொடங்கும் இடத்தில், இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. அதன் முன்னால் மஞ்சளும் கறுப்பும் பூசிய தார்ப் பீப்பாய். அதிலிருந்து மேலே முதல் கொண்டை வளைவு வரை முந்நூற்று இருபது மீற்றர். நாடா பிடித்து அளந்தேன். படைவீரர் இருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்தும் தந்தார்.

இனி வருவது ஏழாவது வரைவில்தான் முதல் முறையாக இடம்பெறுகிறது.

"அங்க வேணாங்கய்யா," என்றார் முத்துலிங்கம். "மேல கொழுந்து நிறுக்கிற கொட்டாயி இருக்கு. அங்கேருந்து வச்சுக்குவோம்."

"அங்கையிருந்து ஏற்றம் காணாது. பீப்பாய் நல்ல அடையாளம், அசையாது."

"பீப்பாய் அசையாதுங்கய்யா. நாம தமிழாளுங்க. அங்க நின்னுக்கிட்டு எதையும் எழுதக்கூடாது."

"நான் அரசாங்க உத்தியோகத்தன். நீர் பயப்படாதையும்."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. உத்தியோகத்தனோடு எவ்வளவு தூரம் வாதாடலாம் என்பது தோட்டத்தில் வளர்ந்தவருக்குத் தெரியும். எனக்கு அந்த மௌனம் சம்மதமாகப் பட்டது, வசதியாகவும் இருந்தது.

5

ஓட்டங்களைக் குறித்துவந்த கொப்பி இப்போது பொலிசாரிடம். அதில் இருப்பது இது:

தொடக்கம்: சோதனைச்சாவடி பீப்பாய். முடிவு: வளைவு.
காலை 9.10. வெறும் வண்டி. 47 விநாடி.
9.25. உரம் ஒரு மூட்டை. 63 விநாடி.
9.40. உரம் இரண்டு மூட்டை. ஏறவில்லை.
11.30. ஸ்பிரிங் மாற்றிய பின் உரம் இரண்டு மூட்டை. 66 விநாடி.
சாவடியில் இருவர். நிறுத்தவில்லை.
மறுநாள் 9.00. சாவடியில் நால்வர். நிறுத்தினார்கள். 20 விநாடி கழிக்க.

இப்படியே பன்னிரண்டு பக்கம். உரம் ஏனென்றால் மூட்டை சரியாக ஐம்பது கிலோ, தோட்டத்தில் எப்போதும் கைக்கெட்டும் பாரம் அதுதான். எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஏனென்றால், நிறுத்தினால் நேரம் பிழைக்கும். ஒவ்வொரு வரியும் உண்மை, ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. இப்போது அதைத் திரும்ப வாசியுங்கள், கிளச் என்ற விஷயமே தெரியாத ஒருவராக. நான் வாசித்துப் பார்த்தேன். நானே கைது செய்திருப்பேன்.

சாவடியில் இருந்த படையினரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தவளையையும் தெரியாது, எங்களையும் தெரியாது. அவர்கள் வந்த அன்று எனக்குக் கண்டிக் கந்தோரில் அலுவலகக் கூட்டம். முத்துலிங்கம் தனியே வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தார். மறித்துச் சோதித்தார்கள், இருக்கைக்குக் கீழே கொப்பி இருந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னார்களாம்.

யார் எழுதியது என்று கேட்டார்கள்.

நாந்தான், என்றார் முத்துலிங்கம்.

எழுதிக் காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். சாய்வான எழுத்து, நடுவில் கோடு போட்ட ஏழு. அப்படி ஏழு எழுத எனக்குக் கற்றுத்தந்தது அளவைப் பயிற்சிக் கல்லூரி.

ஆம். கொப்பி முழுக்க என்னுடைய எழுத்து.

நாலாம் நாள் பொலிசார் என்னிடமும் வந்தார்கள், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். என் சிங்களம் நல்ல சிங்களம். "அவர் வண்டி திருத்துகிறவர், மற்றது எனக்குத் தெரியாது" என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். வாசல் வரை போய் அவர்களை வழியனுப்பினேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, தப்பிவிட்டேன் என்ற நிம்மதி இருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

6

அங்கம்மா என் வீட்டில் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்.

"வக்கீலு சொல்றாரு, கொப்பிய எழுதுன ஆளு கையால எழுதிக் குடுத்தா போதுமாம். கிளச்சுக்காக அளந்தோம்னு நாலு வரி. ரெண்டு எழுத்தையும் ஒத்துப் பாத்துக்குவாங்களாம்."

"கொப்பியை எழுதினது ஆரெண்டு முத்துலிங்கம் சொன்னவரோ?"

"அவரா சொல்லலைங்கய்யா. பிள்ளைங்களுக்கு லீவு காயிதம் எழுதுறது அவருதான். அவரு எழுத்து எனக்குத் தெரியாதா? வக்கீலு கொப்பியோட நகல காட்டுனப்பவே அது அவரு எழுத்து இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. அப்புறம் பாக்கப் போனப்ப நான் கேட்டேன்."

"என்ன சொன்னவர்?"

"'ஐயா பேர சொன்னா யாழ்ப்பாணத்து ஆளும்பாங்க, ரெண்டு பேரையும் சேத்து வச்சுப் பெருசாக்கிருவாங்க. நான் தோட்டத்து ஆளு. தோட்டத்த நடத்துற தொரை வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க'ன்னாரு."

"தொரை போனவரோ?"

"இல்லைங்க."

வெளியே ஏதோ ஒரு வாகனம் மெதுவாகப் போனது. அது என் கதவுக்கு முன்னால் நிற்குமோ என்று நான் பயந்தேன். அங்கம்மாவும் பயந்திருப்பார், ஆனால் என்னளவுக்கு இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன், அங்கம்மா."

"யோசிங்கய்யா. பதினொரு மாசமா அவரும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காரு."

குரலை உயர்த்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) நில அளவையாளன் கடிதம் எழுதுகிறான். நீதவான் வாசிக்கிறார், கிளச்சைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறார், சிரிக்கிறார். முத்துலிங்கம் அன்று பின்னேரமே வீட்டுக்கு— இதை நம்புகிறவர் இந்த நாட்டில் வேறு ஏதோ வருடத்தில் வாழ்கிறார்.

(ஆ) எழுதுகிறான். மெக்கானிக் எழுதியிருந்தால் சின்ன விஷயம், வடக்கில் பிறந்து வரைபடங்களோடு வேலை செய்யும் ஒருவன் எழுதியிருந்தால் பெரிய விஷயம் என்று ஆகிறது. இருவரும் உள்ளே. முத்துலிங்கம் கணக்குப் போட்டது இதைத்தான். மனிதர் அரைக் கிராமும் பிசகாமல் கணக்குப் போடுகிறவர்.

(இ) எழுதவில்லை. சில மாதங்களின் பின்னர், முத்துலிங்கம் உண்மையிலேயே யாருக்கோ தகவல் கொடுத்துவந்தார் என்று தெரிய வருகிறது. உரம், சாவடி, விநாடி எல்லாம் வேறொன்றுக்காக. அப்பாவி நில அளவையாளன் ஏமாற்றப்பட்டிருக்கிறான்.

மூன்றாவது முடிவை எட்டுத் தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. அவரிடம் ஒரு சின்னக் குற்றம் கண்டுபிடித்தால் போதும், நான் இரவில் நித்திரை கொள்ளலாம். அதற்காகவே அவரைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன், சாவடியில் செய்கிற மாதிரி. ஒரு பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்குக்கு மேல் எதுவும் அகப்படவில்லை.

8

ஏன் கடிதத்தை விட்டுக் கதை எழுதினேன் என்று இப்போது எனக்குத் தெரியும். கதை அச்சுக்குப் போகும். அச்சில் எல்லாருடைய ஏழும் ஒரே ஏழு. நீங்கள் வாசிக்கும் இந்தப் பக்கத்தை எந்தக் கொப்பியோடும் யாரும் ஒத்துப் பார்க்க முடியாது. இவ்வளவு துணிவாக நான் உண்மை பேசுவதற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

தவணை வியாழக்கிழமை. இன்று செவ்வாய். கடிதத்தையும் தொடங்கி வைத்திருக்கிறேன்:

கனம் நீதவான் அவர்களுக்கு, இவ்வழக்கில் சான்றாக வைக்கப்பட்டுள்ள கொப்பியை எழுதியவர் முத்துலிங்கம் அல்லர். அதை எழுதியது—

அதற்கு அப்பால் போகவில்லை. மிச்சச் சொல்லை நீங்கள் இதற்குள் மனதில் சொல்லியிருப்பீர்கள். நன்றி, ஆனால் அது உங்கள் எழுத்தில் இருந்து பயனில்லை.

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதை உங்கள் தலையில் கட்ட முடியாது, அது என்னுடைய சாமான். ஒன்று மட்டும் செய்யலாம். இது உங்கள் கைக்கு வரும்போது அந்த வியாழக்கிழமை எப்படியும் கடந்திருக்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்றால் அதன் பிறகு எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை, இந்தக் கதைக்கும் என் சொந்தப் பெயரையே போடச் சொல்லுவேன். மேலே போய்த் தலைப்புக்குக் கீழே பாருங்கள். அங்கே பெயர் எதுவும் இல்லாவிட்டால், முத்துலிங்கம் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.