மதிலுக்கு அடியில் அலக்குகல்

ஷீஜாவை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. ஒரே குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு பேர் நாங்கள். மூத்தவன் ஜான்ரோஸை நான் கட்டினேன். இளையவன் ஆன்ஸ்லினை அவள் கட்டினாள். என் புருஷன் செத்துப்போனான். அவள் புருஷன் கத்தாரில் இருக்கிறான். வீடு இரண்டு, புறவாசல் ஒன்று. அந்தப் புறவாசலில் ஒரு கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் அலக்குகல். சண்டை அந்தக் கல்லுக்காக.

துணி துவைக்கிற கல்லுக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நான் கீரிப்பாறை மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவள். விடியும் முன்னே எஸ்டேட் பஸ்ஸில் ஏறி, மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது மத்தியானம் கழிந்துவிடும். உடுத்திருக்கிற துணியில் பால் உறைந்து, உரித்த மாட்டுத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். நாற்றம் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் எல்லோருக்கும் அதே நாற்றம் என்பதால் யாரும் யாரையும் சொல்வதில்லை. வந்ததும் நான் சோறுகூட உண்ண மாட்டேன். நேரே கல்லுக்குப் போவேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

அதைச் செய்தது ஜான்ரோஸ். அந்த மனுஷன் கொத்தவேலை பார்த்தவன். அவன் கட்டிய எங்கள் வீட்டில் ஒரு கதவு ஒழுங்காக அடையாது. அடுக்களைப் புகை வெளியே போகாமல் என் முகத்துக்குத்தான் வரும். மழை பெய்தால் படுக்கையை எந்த மூலைக்கு இழுப்பது என்று தெரியாது. குடி, பொய், அடி, எல்லாம் உண்டு. அவனைப் பற்றி நல்லது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இந்தக் கல்லைத் தவிர.

பழைய வீட்டை இடித்தபோது வாசற்படியாகக் கிடந்த நீளக் கல் அது. ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, என்னைப் புறவாசலில் நிறுத்தி, நனைத்த தோர்த்துத் துண்டு ஒன்றைக் கையில் தந்து, "வெறுங்காத்துல ஓங்கி அடிட்டி" என்றான். போதையில் கூத்துக் காட்டுகிறான் என்று நினைத்தேன். அடித்தேன். கை வந்து நின்ற இடத்தைக் குச்சி வைத்து அளந்துகொண்டான். அந்த உயரத்துக்குத்தான் கல்லை வைத்தான். இன்றுவரை துணி துவைத்து எனக்கு இடுப்பு வலித்தது கிடையாது. மரம் வெட்டித்தான் வலிக்கும்.

கல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேற்கே சாய்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு நம் காலில் விழாது. அது பாட்டுக்கு ஓடி மேற்கு ஓரத்தில் உள்ள வாழை மூட்டில், அதன் வேருக்குப் போய்விடும். துணி விழுகிற விளிம்பை உருட்டி விட்டிருந்தான். பொத்தான் உடையாது, சேலை கிழியாது. கல்லைத் தாங்குகிற கட்டையை உள்ளே தள்ளிக் கட்டியதால் கால் விரல் அடியில் போகும், கல்லோடு ஒட்டி நிற்கலாம். கிழக்கு ஓரத்தில் சோப்பு வைக்க ஒரு குழி, குழியிலிருந்து தண்ணீர் வடிய நகம் அளவுக்கு ஒரு கீறல். சோப்பு ஊறாது, கரையாது. எல்லாம் செய்து முடித்துவிட்டு, "கொள்ளாமா?" என்று கேட்டான், நன்றாக இருக்கிறதா என்று. நான் குடத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அன்றைக்குக் காலையில்தான் அடித்திருந்தான்.

மாமனார் இறந்தபிறகு பங்கு பிரித்தார்கள். சர்வேயர் வந்து சங்கிலி இழுத்தார். எல்லைக்கோடு கிணற்றின் நடுவே போனது. அது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பிரிந்தால் கிணற்றுக்கு மேலேயே மதிலைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி, ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு. தண்ணீர் கீழே ஒன்றாகத்தான் கிடக்கும். முகம் பார்க்காமல் கோரிக்கொள்ளலாம்.

ஆனால் கோடு கிணற்றோடு நிற்கவில்லை. நேரே வந்து என் கல்லின் நடுவயிற்றில் ஏறியது.

"கல்லு எனக்குள்ளது. நான் எடுத்து என் பக்கம் வச்சுக்கிடுவேன்" என்றேன்.

ஷீஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அது எப்படி அக்கா உங்களுக்குள்ளது? பழைய வீட்டு நடைக்கல்லு அது. ரெண்டு பிள்ளைகளுக்கும் பொதுச் சொத்து."

"செஞ்சது எனக்க மாப்பிள்ள."

"கல்லச் செஞ்சது கர்த்தரு. அத்தான் தூக்கி வச்சாரு, அவ்வளவுதான்."

"ஏட்டி, உனக்குத்தான் துணி அலக்குத மெசினு வந்திருக்கே. வீட்டுக்குள்ள வச்சு அது கெடந்து ஆடுகது எனக்குக் கேக்குது. பின்ன கல்லு என்னத்துக்கு?"

"எனக்குள்ளத வச்சு நான் என்ன செய்தா உங்களுக்கென்ன? கருவாடு காயப்போடுவேன்."

அதற்குமேல் பேசியதை எழுத முடியாது. மதில் கட்ட வந்த ஸ்டெனி கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஷீஜா கத்தாருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள். ஆன்ஸ்லினுக்கு அங்கே வேலை நேரம். சுற்றிலும் இரும்பு இடிக்கிற சத்தம்.

"கிணத்துக்கு என்ன செய்தீங்க?" என்று கேட்டான்.

"நடுவுல மதிலு" என்றான் ஸ்டெனி.

"அப்பம் கல்லுக்கும் அதையே செய்யுங்க. பெகளம் வச்சுச் சண்ட போடாதீங்க." போனை வைத்துவிட்டான்.

நியாயம் மாதிரித்தான் இருந்தது. எனக்குக் கிடைக்காவிட்டாலும் அவளுக்கும் முழுசாகக் கிடைக்காதே என்று நானும் சரி என்றேன். அவளும் அதே எண்ணத்தில்தான் சரி என்றிருப்பாள். ஸ்டெனி மட்டும் தலையைச் சொறிந்தான். "கெணறுன்னா அடியில தண்ணி ஒண்ணாக் கெடக்கும். கல்லுக்கு அடியில என்ன கெடக்கு?"

"உனக்கு மதிலு கெட்டத்தானே கூலி? கெட்டு" என்றாள் ஷீஜா.

கட்டினான். கல்லின் நடு முதுகில் சிமெண்டுக் கட்டிகள் வரிவரியாக ஏறி உட்கார்ந்தன. சோப்புக்குழி எனக்கு வந்தது. வாழை மூடு அவளுக்குப் போனது.

முதல் நாளே தெரிந்துவிட்டது. மேற்கே ஓடிய தண்ணீர் மதிலில் முட்டி நின்றது. நின்று பெருகி, வழிந்து, நேரே என் காலில் விழுந்தது. பாதிக் கல்லில் சேலையை விரிக்க முடியவில்லை. ஒரு முனையைத் தேய்த்தால் மறுமுனை சேற்றில் கிடக்கும். கல் அதே உயரம்தான், அதே விளிம்புதான், ஆனால் உபயோகம் இல்லை. தினமும் சோப்புத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கில் புண் வந்தது. அந்தக் காலோடு மலையில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மரத்தடியிலும் ஷீஜாவின் பேரைச் சொல்லித்தான் கத்தியை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நொண்டிக்கொண்டு போனேன். ஷீஜா எனக்கு முன் வரிசையில் இருந்தாள். நான் நொண்டுவதைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் பாட்டுக்கு எழுந்தபோது அவளுடைய வலது கை முட்டியைப் பார்த்தேன். பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் பழைய சிராய்ப்பு, புதிய சிராய்ப்பு. என்ன காயம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் என் கால் வலி கொஞ்சம் குறைந்தது. அன்றைக்குப் பாட்டை நன்றாகவே பாடினேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்து வந்து பாவாடையை அந்தப் பாதிக் கல்லில் போட்டுக்கொண்டிருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம். மறுபடியும் டம். சிமெண்டுத் தூள் என் துணியில் விழுந்தது. ஒரு கட்டி ஆடியது. ஆடி, என் பக்கம் விழுந்து, சோப்புத் தண்ணீரை என் முகத்தில் அடித்தது. ஓட்டைக்குள் ஷீஜாவின் முகம். கையில் கூடம், கல் உடைக்கிற பெரிய சம்மட்டி. வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என்னட்டி செய்யுத? மதில இடிச்சு என்னக் கொல்லப் பாக்கியா?"

"உங்களக் கொல்ல கூடம் வேணுமா? வாயப் பொத்தினாப் போதும், தன்னால செத்திருவீங்க."

"இது பொது மதிலு. கேக்காம எப்படி இடிப்ப?"

"கேட்டா விடுவீங்களா?" முட்டியைத் தூக்கி ஓட்டைக்குள் காட்டினாள். பிளாஸ்திரி இல்லை, சதை தெரிந்தது. "பாருங்க. ஓங்கி அடிச்சா முட்டி மதிலுல போய் இடிக்குது. எத்தன நாளு பொறுப்பேன்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் நிற்கிற பக்கத்தில் மதில் அவளுக்கு வலது கைப்பக்கம். "உனக்கு மெசினு இருக்கில்லியா? கருவாடு காயப்போடுவேன்னு சொன்னியே!"

"மெசினுல துணி வெளுக்கும். அதுல ஓங்கி நாலு சாத்து சாத்த முடியுமா?" என்றாள். "அவரு அங்க, நான் இங்க. தெனமும் உங்க மொகத்துல முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். சாயங்காலம் கல்லுல நாலு துணியப் போட்டு அடிச்சாத்தான் எனக்கு ராத்திரி ஒறக்கம் வரும்."

"யார நெனச்சு அடிப்ப?"

"வேற யார? உங்களத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கல்லில் நானும் அவளைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஜான்ரோஸை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"கல்லு உனக்கு உயரம் கூடுதல்" என்றேன். "அது எனக்கு அளந்து செஞ்சது. நீ குள்ளச்சி."

"ரெண்டு செங்கலு போட்டு ஏறி நிக்கேன். பதினெட்டு வருசமாட்டு நிக்கேன். நீங்க பாத்ததில்லியா?"

பார்த்ததில்லை. சாயங்காலம் அவள் கல்லுக்கு வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். புறவாசலில் எந்நேரமும் கிடந்த அந்த இரண்டு செங்கலை, போட்ட இடத்தில் ஒன்றையும் எடுக்காத சோம்பேறி என்று அவளைத் திட்டிக்கொண்டே நான்தான் தினமும் காலால் ஒதுக்கி விடுவேன்.

"செரி, இடி" என்றேன். "ஆனா கல்லோட ஒட்டிக் கெடக்குத அடிக்கட்டி வரியும் போவணும். எனக்குத் தண்ணி ஓடணும். காலு அழுகிப்போச்சு."

"எனக்கு முன்பக்கம் ஒரு முழம் கூடப் போவணும். முட்டி வீச."

"ஒரு முழம் எதுக்கு? உனக்க கைக்கு ஒரு சாண் போதும்."

"ஒரு முழம். இல்லேன்னா அடி வரி போவாது. தண்ணியிலயே நில்லுங்க, தாமர பூக்கட்டும்."

முழத்துக்கு ஒத்துக்கொண்டேன். அவளே இடித்துக்கொண்டு போனால் மேலே உள்ள கட்டி தலையில் விழும் என்று ஸ்டெனிக்கு ஆள் அனுப்பினோம். அவன் வந்து ஓட்டையைப் பார்த்தான், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

"நான் அன்னைக்கே கேட்டேன்."

"நீ ஒண்ணும் கேக்கல. தலையச் சொறிஞ்ச" என்றாள் ஷீஜா.

"கெட்டுன மதிலுக்குச் சிமெண்டு காயல, அதுக்குள்ள சன்னலா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குதவன்கூட இவ்வளவு சீக்கிரம் மனசு மாறமாட்டான்."

"லிண்டல ஒழுங்கா வை. சாஞ்சிருந்துன்னா உன்னத் தூக்கிக் கல்லுல போட்டு அலக்கிருவேன்" என்றேன். ஷீஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஸ்டெனி லிண்டல் வைத்து, கல்லுக்கு மேலே ஆள் கை வீசுகிற அளவுக்குத் திறப்பு விட்டுத் தந்தான். அடி வரியைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்தான். மீதி மதில் அப்படியே நிற்கிறது. அதை இடிக்கிற பேச்சு இரண்டு பேருக்கும் இல்லை. நாள் முறையும் வைத்துக்கொண்டோம். ரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிற மாதிரி, கல் ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு ஓய்வு.

முதல் முறை அவளுக்கு வேண்டுமென்றாள். கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள் நான் வந்தபோது கால் புண் இன்னும் ஆறவில்லை. விறைத்த துணியை வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு கல்லோடு ஒட்டி நின்றேன். கால் விரல் அடியில் போனது. சேலையைக் கிழக்கிலிருந்து மேற்கே முழு நீளத்துக்கு விரித்தேன். தண்ணீரை ஊற்றினேன். அது ஒரு நொடி நின்றது, வழி யோசிக்கிற மாதிரி. பிறகு மெல்ல நகர்ந்து, மதில் இருந்த இடத்தைத் தாண்டி, அவளுடைய வாழை மூட்டில் போய் விழுந்தது. என் கால் காய்ந்தே இருந்தது.

கொள்ளாம் என்று வாய்க்குள் சொன்னேன். ஜான்ரோஸுக்கு இல்லை, கல்லுக்கு.

சோப்பு எடுக்கக் குழிக்குள் கைவிட்டால் அங்கே என் சோப்பு இல்லை. ஷீஜாவின் சோப்பு கிடந்தது. கத்தாரிலிருந்து வந்தது, பச்சை நிறம், நல்ல வாசம். நேற்று நனைந்த சோப்பு எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எடுத்து அவள் முற்றத்தில் வீசலாம் என்று கையை ஓங்கினேன். அப்புறம் பாவாடையில் இரண்டு தேய் தேய்த்தேன். நன்றாகவே நுரைத்தது. இன்னும் நாலு தேய்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அந்தப் பக்கம் கதவு திறந்தது. "அக்கா! எனக்க சோப்பு மணக்குது!"

"காக்கா கொத்தியிருக்கும்!"

"காக்கா பாவாட அலக்குமா?"

நான் பாவாடையைச் சுருட்டித் தலைக்கு மேலே தூக்கினேன். அவளை நன்றாக நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு சாத்து சாத்தினேன். முழுக் கல்லும் வாங்கிச் சத்தம் போட்டது.