கோழிக்கொட்டகைக்கு ஒரு டெரியர்

இரண்டு நாயில் எது வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ அதைக் கொண்டுபோய்விடலாம் என்று டைனா முடிவெடுத்தபோது அவளுக்கு நாய்களைப் பற்றிப் பெரிய யோசனை எதுவும் இல்லை, தலைவலி இருந்தது. விடியுமுன் எழுந்து கோழிகளுக்குத் தீனி வைத்து, முட்டை பொறுக்கி, அப்பாவைக் கழுவித் துடைத்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மலையைச் சுற்றி வண்டி ஓட்டி, எலி பிடிக்கும் டெரியர் நாய்கள் வளர்க்கும் எட்கர் ஆல்டர்சன் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். பெய்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாத யார்க்‌ஷயர் மழை. கம்பிக்கூண்டுக்குள் குட்டிப் பருவம் தாண்டிக்கொண்டிருந்த ஆண் டெரியர் ஒன்று, கூண்டையே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும் போலக் குதித்துக் கத்திக்கொண்டிருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து ஈறில் ரத்தம். பக்கத்துக் கூண்டில் ஒரு பெட்டை. காய்ந்த சேற்றின் நிறம், ஒரு காதில் பழைய கிழிசல். கவிழ்த்த வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவள் யாரென்று பார்க்கக்கூடத் திரும்பாமல், சுவரடியில் இருந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாய் யாருக்கு? உன் புருஷனுக்கா?" என்றார் ஆல்டர்சன்.

"எனக்குப் புருஷன் இல்ல."

"அப்ப உங்கப்பன் வில்ஃபுக்கா? அவன் கையில இப்ப கரண்டியே நிக்கறதில்லன்னு சொன்னாங்களே."

"எனக்குத்தான். கோழிக்கொட்டகைல எலி."

"பொம்பளைக்கு நான் டெரியர் குடுத்ததில்ல பொண்ணே. மெத்தைல போட்டு பிஸ்கட் ஊட்டிக் கெடுத்துடுவீங்க."

"எங்க வீட்டு மெத்தைல படுக்க எனக்கே நேரம் இல்ல. நாயை எங்க போடறது?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷனுக்கா என்ற இதே கேள்வியைத் தீனிக்கடையில் கேட்டிருக்கிறார்கள், டிராக்டர் பட்டறையில் கேட்டிருக்கிறார்கள். அவள் போய் நின்றால் அவளுக்குப் பின்னால் ஓர் ஆம்பளை வருகிறானா என்று எட்டிப் பார்ப்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் சலித்துவிட்டது.

"இந்தக் கடுவனை எடுத்துக்க. உள்ள தீ இருக்கு பாரு."

தீயை வைக்கோலுக்கு நடுவே கொண்டுபோய் விடுவதா என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டையைக் காட்டி, "அது கோழியைத் தொடுமா?" என்றாள்.

"டான்ஸியா? அது எதையுமே தொடாது. மலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தன் கொண்டுபோனான், திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டான். நெஞ்சுல சரக்கு இல்லைன்னான்."

"அதையே குடுங்க."

"முதல்முதலா நாய் எடுக்கறவங்க ரெண்டே வகை. ஒண்ணு சத்தத்துல மயங்குவாங்க, இல்ல பாவம் பாப்பாங்க."

"பாவம் பாக்கல. அமைதியா இருக்கு. அது போதும்."

அந்தப் பக்கத்தில் வேலை நாயை யாரும் விற்பதில்லை. கைமாற்றிக் கொடுப்பார்கள், வேலை செய்யாவிட்டால் நாய் வந்த கைக்கே திரும்பவேண்டும். வேறு யாருக்கும் தள்ளிவிடக் கூடாது, சும்மா வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆல்டர்சன் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தரம் திரும்பி வந்துச்சுன்னா நான் வெச்சுக்கமாட்டேன். இருக்கற வாய்க்கெல்லாம் கறி போட்டு எனக்குக் கட்டுப்படியாகல." வீட்டுக்குள் இருந்த துப்பாக்கி அலமாரிப் பக்கம் அவர் பார்க்கக்கூட இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை.

கொட்டகையின் மரத்தரைக்கு அடியில் எலிகள் ஊரே அமைத்திருந்தன. மருந்து வைக்க வழியில்லை. போன வசந்தத்தில் மருந்து தின்ற எலியைத் தின்று வீட்டு மந்தை நாய் மாஸ் மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்ததிலிருந்து, மருந்து டப்பாவைக் கண்டாலே அப்பா கைத்தடியை ஓங்கினார். பொறி வைத்தால் எலிகள் அதைச் சுற்றிப் பாதை போட்டுக்கொண்டு போயின. முட்டை எடுக்கும் கம்பெனியின் ஆள் கடைசித் தடவை வந்தபோது புழுக்கையைக் காலால் தள்ளிக் காட்டி, அடுத்த முறையும் இப்படி இருந்தால் வண்டி வராது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனான். வண்டி வராவிட்டால் பண்ணையின் குத்தகை போகும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த அப்பனோடு அவள் எங்கே போவாள்? ஆடுகள் போய்விட்டன, மாஸ் போய்விட்டான். மிச்சம் இந்தக் கோழிகள்தான்.

டான்ஸியைப் பார்த்ததும் வில்ஃப் ஜன்னலைத் தட்டினார். "நாயா இது? தலையணைக்குக் காலு மொளச்ச மாதிரி இருக்கு."

"உக்காந்த இடத்துலருந்து நொட்டை சொல்லாதீங்கப்பா."

"நான் சும்மா உக்காந்திருக்கேன், சரி. அதுவும் சும்மா உக்காந்திருக்கு. ஒரே வேலைக்கு இந்த வீட்டுல எதுக்குடி ரெண்டு பேரு?"

அவள் நாயைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். நாய் பழக்குவது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து மந்தை நாய்களுடன் வளர்ந்தவள். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் மலையின் அந்தக் கோடியில் போகிற நாய் அப்படியே வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுக்கும். சொன்னால் போகும், சொன்னால் நிற்கும்; கண் எப்போதும் முதலாளி மேல். நல்ல நாய் என்றால் அவளுக்கு அதுதான்.

டான்ஸி கோழிகளின் நடுவே மெல்ல நடந்தது. ஒரு மூலையில் சட்டென்று விறைத்து நின்றது. வால் குச்சியானது. அதன் மூக்குக்கு நேர் எதிரே ஒரு சிவப்புக் கோழி அடை கிடந்தது. கோழியைக் கவ்வப்போகிறது என்று நினைத்து டைனா "விடு!" என்று கத்தினாள். நாய் படுத்துக்கொண்டது. நல்லவேளை, சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி. மறுநாள் வேறொரு மூலை, அதே விறைப்பு, அங்கேயும் கோழிகள். விசில் அடித்தாள், படுத்தது. அதற்கடுத்த நாள் தீனித்தொட்டி அருகே. "விடுன்னா விடு!" ஒரு வாரம் போனதும் டான்ஸி விறைப்பதையே நிறுத்திவிட்டது. வாசலில் படுத்து, எலிகள் பட்டப்பகலில் உத்தரத்தின் மேல் ஓடுவதைத் தலையைத் தூக்காமல் பார்த்தது.

"சரக்கு இல்லாத நாய்" என்றார் அப்பா. இன்னொருத்தருக்குப் பரிந்து பேச அவளிடம் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. சனிக்கிழமை ஆல்டர்சனுக்குப் போன் செய்து, கடுவனைக் கொண்டுவாருங்கள், இதைக் கூட்டிப் போங்கள் என்றாள். "நான்தான் சொன்னேனே" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்கு மத்தியானம் வரேன்" என்று வைத்துவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றிரவு அப்பா குளியலறையில் விழுந்தார். தூக்கி உட்காரவைத்து, துணி மாற்றி, அவர் வெட்கத்தில் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, படுக்காமலே தீனி வைக்கப் போனாள். ஞாயிறு மத்தியானம் கொட்டகைக்குள் தீனி மூட்டை மேல் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கடைசி நாளில் எதற்குக் கட்டவேண்டும் என்று நாயை அவிழ்த்து விட்டிருந்தாள். ரொட்டித்துண்டு ஒன்று கையில் பாதி கடித்தபடி இருந்தது. கண் செருகியது.

டான்ஸி எழுந்தது. சிவப்புக் கோழி கிடந்த அதே மூலைக்குப் போய் நின்றது. விறைத்தது. டைனா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கத்துவதற்கு உள்ளே யாரும் இல்லாதது போல இருந்தது. கொல்லட்டும், எக்கேடும் கெட்டுப்போகட்டும், நாளைக்கு எல்லாமே போகப்போகிறது.

நாய் திரும்பி அவளைப் பார்த்தது.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். மாஸ் மலையுச்சியில் நின்று அப்படித்தான் பார்ப்பான், விசிலுக்காக. டான்ஸி அவளுடைய "விடு"வுக்காகக் காத்திருந்தது. வரவில்லை என்றதும் கோழியை மூக்கால் நகர்த்தியது. கதவை ஒதுக்குவது போல, அவ்வளவுதான். கோழி முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனது. கோழி இருந்த இடத்தில் பலகை இற்றுப்போய் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை. நாய் அதற்குள் தலையை விட்டது, தோளை நெருக்கியது, பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

முதல் நாள் அது இங்கேதான் நின்றது. மற்ற இடங்களிலும் கோழியை அல்ல, எலி வழியைத்தான் காட்டியிருக்கிறது. டைனா ஒவ்வொரு நாளும் தன் வாயாலேயே அதைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை.

பலகைகளுக்கு அடியில் தடதடவென்று ஓட்டம். கீச்சென்ற சத்தம், ஓர் உதறல், அமைதி. பிறகு இன்னொன்று. கோழிகள் ஒரே கூச்சலாகப் பறந்து ஏறின. எலிகள் வாசல் வழியாகத் தெறித்து ஓடின. ஒன்று அவள் பூட்ஸ் மேல் ஏறி இறங்கிப் போனது. டான்ஸி ஒருமுறை வெளியே வந்து, செத்த எலியை வைக்கோலில் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே மறுபடி உள்ளே போயிற்று. மூக்கு கிழிந்திருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது. ஆல்டர்சன் கயிற்றோடு வாசலில் வந்து நின்றார். வண்டிக்குள் கடுவன் கத்திக்கொண்டிருந்தது.

"எங்க அது?"

"கீழ."

அவர் வைக்கோலில் செத்துக் கிடந்த எலியைப் பார்த்தார். தொப்பியைப் பின்னால் தள்ளினார். "சரி. கூப்பிடு, பாப்போம்."

"கூப்பிடமாட்டேன்."

"நீதானே பொண்ணே கூட்டிட்டுப் போங்கன்ன?"

"சொன்னேன். இப்ப அது வேலையா இருக்கு. நீங்களும் கத்தாதீங்க."

கீழே ஒரு பெரிய முட்டல். நாயின் குரல், ஒரே ஒரு முறை, வலியில் வருகிற குரல். அப்புறம் எதுவும் இல்லை. ஆல்டர்சன் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "அடியில பழைய சாக்கடைக் குழாய் இருக்கும், அதுக்குள்ள போயிடுச்சுன்னா திரும்ப முடியாது. மாட்டிக்கும். கூப்பிடு. உன் குரலுக்குத்தான் வரும்."

டைனாவின் இரண்டு விரல்களும் தாமாகவே உதட்டுக்குப் போயின. விரல்களில் தீனித்தூசியின் புளித்த ருசி. ஊதினால் வரும். வந்தால், அடுத்த முறையும் ஓட்டைக்கு முன்னால் நின்று, அவள் சொல்லுக்காகத் திரும்பிப் பார்க்கும். ஊதாவிட்டால் வராமலே போகலாம். அவள் கையை இறக்கினாள். மூட்டையிலிருந்து வழுக்கி முழங்காலிட்டு, அப்படியே கோழி எச்சமும் வைக்கோலும் ஒட்டிய தரையில் முழு நீளத்துக்குப் படுத்துக் காதைப் பலகையோடு சேர்த்து வைத்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து அவள் உடம்பு கிடையாக விழுந்தது இப்போதுதான். பலகை சில்லென்று இருந்தது.

"என்னம்மா, கேக்குதா?" என்றார் ஆல்டர்சன்.

அவள் கையை உயர்த்தி அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். வெகு கீழே, அவள் விலா எலும்புக்கு நேராக, ஏதோ எலியைவிடக் கனமான நகங்களால் மண்ணைப் பிராண்டியது. நின்றது. மறுபடி பிராண்டியது.