இரண்டில் போட்ட கை

கனகசபாபதியின் கார் ஓட்டோ கியர். கிளச் இல்லை, கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. முழங்கால் வருத்தக்காரருக்கென்றே ஜப்பான்காரன் யோசித்துச் செய்த சாமான் போல இருந்தது. வெள்ளவத்தையில் தாங்கள் குடியிருந்த ஒழுங்கைக்கு வந்த முதல் ஓட்டோ கியர் கார் அதுதான் என்று அவர் சொல்லிக்கொள்வார். அதற்கு முதலே பக்கத்து வீட்டில் ஒன்று நின்றது. அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

காருக்கு அவர் ஒரு சட்டம் வகுத்திருந்தார். முன்னுக்குப் போவதென்றால் 'டி' மட்டும். அதற்குக் கீழே இருக்கிற 'இரண்டு'ம் 'எல்'லும் ஜப்பானில் பனி கொட்டுகிற காலத்துக்கானவை. இங்கே தொட்டால் கியர்பொக்ஸ் போய்விடும். காரோடு வந்த கையேடு ஜப்பான் மொழியில் இருந்தபடியால் அவரை மறுத்துப் பேச ஒரு ஆதாரமும் இல்லை. அவர் ஒழுங்கை நலன்புரிச் சங்கத்தின் தலைவர் வேறு.

அவருடைய மனைவி பாலேஸ்வரியிடமும் லைசன்ஸ் இருந்தது. ஆனால் அவள் போனது பஸ்ஸில். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பஸ்களில் குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. வெடித்தால் மற்றவர்களைப் போல அவளுக்கும் ஆபத்து. வெடிக்காவிட்டால், நெற்றிப் பொட்டைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுகொள்கிறவர்களுக்கு அவள்தான் ஆபத்து. அவள் இப்படி இரண்டு பக்கத்தாலும் பயந்து பயந்து போய் வர, கார் போர்ட்டிக்கோவில் உறை போர்த்து நித்திரை கொண்டது. சங்க வேலை வந்தால்தான் அதற்கு விழிப்பு.

"இஞ்சேருங்கோ, காலமையில காரைத் தாங்கோவன். பின்னேரம் பத்திரமாய்க் கொண்டந்து விடுறன்."

"ஓட்டோ கியர் எண்டது விளையாட்டில்லை, பாலேஸ். நீர் கிளச் மிதிச்சுப் பழகினனீர். உம்மட இடது கால் சும்மா இராது. போய் பிறேக்கில ஏறும்."

"காலை மடக்கி வைக்கிறன்."

"கியர்பொக்ஸ் போனால் எங்க வாங்கிறது?"

"நான் போனால் எங்க வாங்குவியள்?"

கனகசபாபதி பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இப்படி இருக்கையில், கண்டியில் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு அவர் சிறப்பு விருந்தினரானார். பாலேஸ்வரியும் போனாள். சங்கச் செயலாளர் வரதராசாவும் வந்தார். "ஓம் அண்ணை" என்று சொல்வது அவருடைய பதவியின் பெரும்பகுதி. திரும்பி வரும்போது பாலேஸ்வரி முன் சீற்றில் இருந்தாள். வரதராசா பின் சீற்றில், தலைவரின் மாலையை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

கடுகண்ணாவை மலை இறக்கம் தொடங்கியது. ஓரத்தில் மூன்று மொழியிலும் ஒரு போர்டு நின்றது.

"வரதராசா, பார்த்தீரே? 'குறைந்த கியரில் செலூத்தவும்'. லூ! செலூத்தவும்! எங்கட மொழிக்கு இந்த நாட்டில இருக்கிற மரியாதையைப் பாரும்."

"ஓம் அண்ணை, அநியாயம்."

"சிங்களத்தில இப்பிடிப் பிழை விடுவாங்களோ?"

"விடமாட்டாங்கள் அண்ணை."

"பிழையாய் எழுதினாலும் சரியாய்த்தானே சொல்லியிருக்கு," என்றாள் பாலேஸ்வரி. "இரண்டில போடுங்கோ."

"அது கை கியர்க்காரருக்கு எழுதினது. இது தானாய் மாத்தும். காருக்கு மூளை இருக்கு, பாலேஸ்."

கார் தன் மூளையைப் பாவித்தது. இழுக்கப் பாரமில்லை என்று கண்டதும் மேல் கியருக்குப் போய், என்ஜின் சத்தம் அடங்கி, சரிவில் சுகமாக உருண்டது. அதைப் பிடித்து நிறுத்துகிற பாடு முழுவதும் பிறேக்கின் தலையில். கனகசபாபதி வைத்த காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே போனார். முன்னால் செங்கல் ஏற்றிய ஒரு லொறி சின்னக் கியரில் உறுமி உறுமி ஊர்ந்தது. "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி அதை முந்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் மணம் வந்தது.

"ஆரோ ரயர் எரிக்கிறாங்கள் போல," என்றார் வரதராசா.

"தார் போடுறாங்கள்," என்று திருத்தினார் தலைவர்.

"தாருமில்லை, ரயருமில்லை. எங்கட பிறேக். இரண்டில போடுங்கோ எண்டுறன்!"

"வாயை மூடிக்கொண்டு வாரும்."

அடுத்த வளைவு தெரிந்தது. அவர் மிதித்தார். கார் கேட்கவில்லை. திரும்ப மிதித்தார். வளைவுக்கு அங்காலே மர உச்சிகள்தான் தெரிந்தன.

"பிறேக் பிடிக்கேல்லை," என்றார். அந்தக் குரலில் தலைவர் இல்லை.

பாலேஸ்வரி கையை நீட்டிக் கியர்க் கம்பை இரண்டுக்கு இழுத்தாள். என்ஜின் அலறியது. சீற்பெல்ற் நெஞ்சை இறுக்கியது. பின்னால் வரதராசா மாலையோடு முன்னுக்கு வந்து விழுந்தார். கார், பிடரியில் பிடித்து இழுத்தது போலத் தயங்கி, வளைவை மட்டுமட்டாகச் சுற்றியது. வேகம் இன்னும் குறைந்ததும் அவள் எல்லுக்கும் இழுத்தாள். முனகி முனகி வந்த கார், கைபிறேக்கையும் இழுத்ததும், ஒரு பழக்கடைக்கு முன்னால் நின்றது. சில்லுகளிலிருந்து புகை வந்தது.

கனகசபாபதி இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். உயிரோடு நிற்கிற மனிதர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "கியர்பொக்ஸை உடைச்சுப்போட்டீர்!"

அவள் கைபிறேக் இறுகியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தாள்.

பிறேக் ஆறிய பிறகு அவர்கள் வெள்ளவத்தைக்கு வந்துசேர்ந்தார்கள், கதையும் வந்துசேர்ந்தது. ஆனால் வழியில் அதற்குக் கை மாறிவிட்டது. "அண்ணை பதறேல்லை. டக்கெண்டு இரண்டில போட்டார். நான் கண்ணால கண்டனான்," என்று வரதராசா கடை கடையாகச் சொன்னார். மாலைக்குள் முகம் புதைத்திருந்த அவர் எந்தக் கண்ணால் கண்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவரும் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்தார்.

வீட்டுக்குள் கதை வேறு. "காரில ஒரு சத்தம் வருது. நீர் இழுத்த இழுவை. இனிமேல் கார் எண்டு என்னட்டக் கேக்கப்படாது."

பாலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கம்பு, ஒரே இழுவை. வாசலுக்கு வெளியே அது அவருடைய கை. உள்ளே வந்தால் அவளுடைய கை. புகழ் அவருக்கு, பழுது அவளுக்கு, பஸ்ஸும் அவளுக்கு. கணக்கு ரீச்சர் எந்த வழியால் செய்து பார்த்தும் இந்தக் கணக்கு அவளுக்குச் சரிவரவில்லை.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் 'மலைப்பாதையில் வாகனப் பாதுகாப்பு' என்று தலைவர் உரையாற்றினார். கரும்பலகையில் கியர் எழுத்துகளை வரிசையாக எழுதி, இரண்டைச் சுற்றி வட்டமும் போட்டார்.

"இறக்கத்தில் காரை என்ஜின் பிடிக்க வேண்டும், பிறேக் அல்ல. இதை அறியாதவர்கள் அன்று என் இடத்தில் இருந்திருந்தால்..." என்று நிறுத்திச் சபையைப் பார்த்தார். சபை நடுங்கியது. "நான் பதறவில்லை. இந்த இடது கையால் மெல்ல..."

பாலேஸ்வரி எழும்பினாள். "தலைவரிட்ட ஒரு கேள்வி."

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "கேளும்."

"ஓடேக்க அப்பிடி இரண்டில இழுத்தால் கியர்பொக்ஸ் பழுதாகுமோ?"

மண்டபம் அவளைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. பழுது என்றால் வீரக் கைதான் பழுதாக்கியது. அவர் தண்ணீர் குடித்தார்.

"பழுதாகாது. அதுக்குத்தானே ஜப்பான்காரன் வைச்சிருக்கிறான்."

"காரில ஏதோ சத்தம் எண்டு ஒரு கதை..."

"வதந்தி!" என்று வரதராசா எழும்பினார். "பொறாமை பிடிச்சவங்கள் சொல்லுறது. அண்ணை அப்பிடிப் பழுதாக்குவாரோ?"

"அப்ப, கிளச்சில பழகின பொம்பிளையள் ஓடினாலும் ஒண்டும் நடக்காதோ?"

கனகசபாபதி சபையின் வலது பக்கத்தைப் பார்த்தார். அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரும் ஓடலாம்," என்றார். கரும்பலகையைத்தான் பார்த்துச் சொன்னார்.

"நல்லது. எல்லாரும் கேட்டனீங்கள்தானே? நாளைக்குத் தொடக்கம் பள்ளிக்கூடத்துக்கு நான் காரில போறன்."

கடைசி வரிசையில் நாகேந்திரம் கை தூக்கினார். "ரீச்சர், என்ர மனுசிக்கும் வேலை அந்தப் பக்கந்தான். அவவையும் ஏத்துங்கோவன்." யாரோ கை தட்டினார்கள். கைதட்டல் பரவ, தனக்குத்தான் என்று நினைத்த வரதராசா எழும்பிக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கனகசபாபதி வாய் திறந்தார். "சபையில என்னை அவமானப்படுத்திப்போட்டீர்."

"எங்க அவமானம்? உங்கட கைக்கெல்லோ கை தட்டினவை."

அவர் சாவியை மேசையில் எறிந்தார். கையில் தரவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை நாகேந்திரத்தின் மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். செக்பொயின்ற்றில் ஒரு சிப்பாய் பொட்டைப் பார்த்து, ஐ.டி.யைப் பார்த்து, டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "யன்ன நோனா" என்று சிங்களத்தில் சொல்லி, போகும்படி கை காட்டினான். பம்பலப்பிட்டியில், அதே பள்ளிக்கூடத்து ஷபீகா டீச்சர் பஸ்ஸுக்கு நின்றாள். பாலேஸ்வரி ஹோர்ன் அடித்தாள்.

"அல்லாஹ்! ஸேர் எப்படித் தந்தாரு?" என்று கேட்டுக்கொண்டே ஷபீகா பின்கதவைத் திறந்தாள்.

"கைதட்டினால் தருவார்."

ஷபீகா சிரித்தபடி ஏறினாள். ஏறியவள் இருக்கவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முன் சீற்றுக்குக் கீழே ஒரு தரம் பார்த்தாள். தன் சீற்றுக்குக் கீழே கையை விட்டும் பார்த்தாள். பிறகு, தான் செய்வது என்னவென்று விளங்கி, வெட்கப்பட்டாள்.

"ஸொறி டீச்சர். பஸ்ஸில குண்டுக்குப் பயந்து செஞ்சு செஞ்சு பழகிட்டு."

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. போர்ட்டிக்கோவில் இருந்த கார் உறை நினைவுக்கு வந்தது. பின்னால் ஒரு பஸ், மிதிபலகையில் ஆட்கள் தொங்க, ஹோர்ன் அடித்துக்கொண்டு நெருங்கியது.

"நல்லாப் பார்த்திட்டு இருங்கோ, அவசரமில்லை," என்று சொல்லி, ஷபீகா கதவைச் சாத்தும்வரை பிறேக்கை மிதித்தபடி காத்திருந்தாள்.